கேமரா வந்த பிறகும் காத்திருந்த பத்திரிகை

டீயை ஆற்றியபடியே பேசுவோம். இன்றைய நாளிதழை மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

கேமரா கண்டுபிடித்தார்கள், உடனே பத்திரிகையில் போட்டோ வர ஆரம்பித்தது என்றுதான் நம்மில் பெரும்பாலோர் நினைத்திருக்கிறோம். டகேரின் புகைப்பட முறை பாரிஸில் அறிவிக்கப்பட்டது 1839இல். நாளிதழ்களில் போட்டோ சாதாரணமாக வர, அதற்குப் பிறகு அறுபது ஆண்டுகள் போலப் பிடித்தது. தடை கேமராவில் இல்லை, அச்சகத்தில் இருந்தது.

இடைப்பட்ட காலத்தில் என்ன செய்தார்கள்? ரோஜர் ஃபென்டன் 1855இல் கிரிமியப் போர்முனைக்குப் போனார். ஒரு குதிரை வண்டியையே இருட்டறையாக மாற்றிக்கொண்டு முந்நூறுக்கும் மேல் படங்கள் எடுத்தார். அவற்றில் சில ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ வார இதழில் வந்தன. வாசகர் கண்டதோ ஃபென்டனின் படத்தைப் பார்த்து மரக்கட்டையில் செதுக்கிய சித்திரம்.

அந்த வேலைக்கு ஏற்ற பாக்ஸ்வுட் மரம் பெரிதாகப் பருக்காது. அதனால் சிறு கட்டைகளை மரையாணி போட்டு இணைத்து, மேலே படத்தை வரைந்து, பிறகு கழற்றி ஆளுக்கொரு துண்டாகக் கொடுப்பார்கள். ஒருவர் வானத்தைச் செதுக்குவார், இன்னொருவர் குதிரையை. எல்லாவற்றையும் மறுபடி பூட்டினால் முழுப்படம். அருமையான கைத்திறன்தான். ஆனால் அங்கே புகையைக் கூட்டலாம், பிணத்தை மறைக்கலாம், கேட்க ஆளில்லை. 1862இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் ஆன்டீட்டம் போர்க்களத்தில் அலெக்சாண்டர் கார்ட்னர் எடுத்த பிணங்களின் படங்களை உள்ளபடி காண, நியூயார்க்கில் மேத்யூ பிராடியின் காட்சிக்கூடத்துக்குத்தான் மக்கள் போக வேண்டியிருந்தது.

அன்றைய அச்சு இயந்திரத்துக்கு இரண்டே நிலைதான் தெரிந்திருந்தது: மேடான இடத்தில் மை ஒட்டும், பள்ளத்தில் ஒட்டாது. போட்டோவோ முழுக்க முழுக்கச் சாம்பல் நிறங்களால் ஆனது. இதற்கு வழி கண்டதுதான் ஹாஃப்டோன் பிளாக். முறத்தில் பச்சரிசியோடு எள்ளைக் கலந்து பரப்பி, தள்ளி நின்று பாருங்கள்: எள் கூடிய பக்கம் கறுக்கும், குறைந்த பக்கம் வெளுக்கும், நடுவே சாம்பல் தெரியும். ஹாஃப்டோனும் கண்ணை இப்படித்தான் ஏமாற்றுகிறது. நெருக்கமாகக் கோடு போட்ட கண்ணாடித் திரை வழியே போட்டோவை மறுபடி படமெடுத்தால் அது புள்ளிகளாக உடையும். இருட்டான இடத்தில் பெரிய புள்ளி, வெளிச்சத்தில் சிறிய புள்ளி. அதை உலோகத் தகட்டுக்கு மாற்றி அமிலத்தில் அரிக்கவிட்டால் புள்ளிகள் மேடாக நிற்கும். இப்போது நாளிதழை எடுத்து, பூதக்கண்ணாடியை ஏதாவது ஒரு படத்தின் மேல் பிடியுங்கள். புள்ளி தெரிகிறதா?

1880 மார்ச் 4 அன்று நியூயார்க்கின் ‘டெய்லி கிராஃபிக்’ இந்த முறையில் ஒரு படத்தை அச்சிட்டது. அதில் இருந்தது ஒரு குடிசைப் பகுதி. அதற்கு வழிசெய்த ஸ்டீஃபன் ஹோர்கன், வேகமாகச் சுழலும் இயந்திரத்திலும் அது சாத்தியம் என்று 1897இல் ‘நியூயார்க் ட்ரிப்யூன்’ நாளிதழில் காட்டினார்.

நடுவில் நின்ற செதுக்குபவரின் கை விலகியது பெரிய விஷயம் என்பேன். 1908 முதல் லூயிஸ் ஹைன், அமெரிக்கக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக நூற்பாலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை செய்த பிள்ளைகளைப் படமெடுத்தார். அச்சான படத்தில், நூற்பு இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறுமி எவ்வளவு குள்ளமாக நிற்கிறாள் என்பதை வாசகர் தன் கண்ணாலேயே அளந்துகொள்ள முடிந்தது. ஓவியர் மிகைப்படுத்திவிட்டார் என்று ஆலை முதலாளி சொல்லித் தப்ப வழியில்லாமல் போயிற்று.