லாரி ஷெட் தரைக்கு ஏன் தாகம்?

நாமக்கல், சங்ககிரிப் பக்கம் பஸ்ஸில் போகும்போது லாரிப் பட்டறைகளைப் பார்த்திருப்பீர்கள். கனத்த சக்கரங்கள் தினமும் ஏறி இறங்கும் அந்த ஷெட்டுகளின் கான்கிரீட் தரை நாளடைவில் குண்டும் குழியுமாகிவிடும். அதனால் என்ன என்று கேட்டுவிடாதீர்கள். லாரியை ஜாக்கியால் தூக்கிவிட்டு அடியில் ஒருவர் வேலை செய்கிறார். சரிந்த தரையில் ஜாக்கி நின்றால் பாரம் நேராகக் கீழே இறங்காது, பக்கவாட்டில் தள்ளும். ஜாக்கி நழுவினால் டன் கணக்கான இரும்பு அவர் மேல்தான் இறங்கும்.

குழியில் சிமெண்ட் கலவையைப் பூசினால் போதாதா? பல இடங்களில் அப்படித்தான் பூசுகிறார்கள். சில வாரங்களில் அது அப்பளம் போலப் பெயர்ந்துவிடுகிறது!

சேறு வெயிலில் காய்ந்து கெட்டியாகிறது. சிமெண்டும் அப்படித்தான் என்று நாம் நினைக்கிறோம். உண்மை வேறு. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சுமார் 1450 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் சுட்டு, சிறிது ஜிப்சம் சேர்த்து அரைத்த தூள் அது. சங்ககிரியில் 1963-லேயே இதற்கு ஓர் ஆலை வந்துவிட்டது. தூளிலுள்ள கால்சியம் சிலிகேட்டுகள் தண்ணீரோடு ரசாயன மாற்றம் அடைந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய இழைகளாக வளர்ந்து, மணலையும் ஜல்லியையும் பின்னிப் பிடித்துக்கொள்கின்றன. தண்ணீரில் ஒரு பகுதி கல்லோடு கல்லாகவே ஆகிவிடுகிறது. தண்ணீர் தீர்ந்தால் இந்த வேலையும் நின்றுபோகும். சேலத்துச் சித்திரை வெயிலில் மெல்லிய பூச்சு சில மணி நேரத்தில் வறண்டுவிடும். அடியிலுள்ள பழைய கான்கிரீட்டும் தன் பங்குக்கு ஈரத்தை உறிஞ்சும்.

ஆகவே நல்ல கொத்தனார் முதலில் சுத்தியலால் தரையைத் தட்டிப் பார்ப்பார். ‘டொக்’கென்று பொள்ளல் ஓசை கேட்டால் அந்த இடத்தை உடைத்து, அடி மண்ணைத் திமிசு போட்டு இறுக்கியாக வேண்டும். பிறகு மட்டம். நீர் நிரப்பிய கண்ணாடிபோன்ற குழாயின் இரு முனைகளிலும் நீர்மட்டம் ஒன்றாகவே நிற்கும்; உங்கள் பௌதிகப் பாடம்தான். குழாயில் காற்றுக்குமிழி இருந்தால் கணக்குத் தப்பும். கழுவிய நீர் வடிய, வாசலை நோக்கி மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் சரிவு போதும்.

எண்ணெய்க் கறையைச் சலவைச் சோடாவால் கழுவி, உளியால் கொத்திச் சொரசொரப்பாக்கி, இரவு முழுவதும் நனைக்கிறார்கள். தேங்கிய நீரைத் துடைத்து, சிமெண்ட் பாலைத் தடவி, அது காயுமுன் கலவையைப் போட்டு மட்டப்பலகையால் இழுக்கிறார்கள். 50 கிலோ மூட்டைக்குச் சுமார் 25 லிட்டர் தண்ணீர் போதும். இளக்கமாக இருந்தால் இழுக்கச் சுகம் என்று மேலும் ஊற்றினால், உபரி நீர் ஆவியாகிய இடமெல்லாம் நுண்துளைகளாகி வலிமை குறையும். இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள்.

மறுநாள் களிமண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள். இப்போது பெரும்பாலும் விற்பது அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சிமெண்ட். அது மெதுவாக இறுகும், எனவே 10 நாள். லாரியை ஏற்ற 28 நாள் பொறுப்பது நல்லது.

நீங்களே சோதிக்கலாம். கையுறை போட்டுக்கொண்டு, 1 பங்கு சிமெண்ட், 3 பங்கு மணலில் இரண்டு வில்லைகள் செய்யுங்கள். ஈரச் சிமெண்ட் தோலை அரிக்கும், கவனம். சில மணி நேரத்தில் ஒன்றை வெயிலில் வையுங்கள். மற்றதை மறுநாள் தண்ணீரில் போடுங்கள். 10 நாள் கழித்து இரண்டையும் ஆணியால் கீறிப் பாருங்கள்.