திரையில் மறைந்திருக்கும் ஏவல்

'நட', 'வா', 'எழுது' ஆகிய சொற்களில் விகுதி ஏதும் வெளிப்படையாக இல்லை. ஆயினும் அவை முன்னிலை ஒருமை ஏவல் வினைகள் என்பதை அவையோர் அறிவர். ஆய் விகுதி புணர்ந்து கெட்டது என்று உரையாசிரியர்கள் விளக்குவர். கண்ணுக்குத் தோன்றாத உறுப்பும் கட்டளையிடும் என்பது இதனால் பெறப்படும்.

மருத்துவர் மருந்து எழுதும் கணினித் திரையிலும் இத்தகைய ஏவல் ஒன்று உண்டு. அவர் எதையும் மாற்றாதபோது தானாகவே நிலைபெறும் தேர்வு அது, இயல்பிருப்பு எனலாம். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவ அமைப்பு தன் மென்பொருளில் சிறு மாற்றமொன்றைச் செய்தது. மருத்துவர் வணிகப் பெயரைத் தேர்ந்தாலும் அதற்கு ஈடான பொதுப்பெயர் மருந்தே பதிவாகும். வணிகப் பெயர் மருந்தே வேண்டுமெனில் 'எழுதியவாறே வழங்குக' என்னும் கட்டத்தில் குறியிட வேண்டும். பொதுப்பெயர் மருந்துகளின் பங்கு 75.3 விழுக்காட்டிலிருந்து 98.4 விழுக்காடாக உயர்ந்ததென 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. எவருக்கும் தடையில்லை, அறிவுரையும் இல்லை. ஒரு குறியிடுவதற்குக்கூட எழாத உறுதியையா நாம் மருத்துவரின் விருப்பம் என்று இதுவரை கருதி வந்தோம்?

அதே அமைப்பின் இரு அவசரச் சிகிச்சைப் பிரிவுகளில், ஓபியாய்டு வலிநிவாரணிக்கு 10 மாத்திரை என்பது இயல்பிருப்பாக்கப்பட்டது. அந்த எண்ணிக்கையில் எழுதப்பட்ட சீட்டுகளின் பங்கு 20.6 விழுக்காட்டிலிருந்து 43.3 விழுக்காடாயிற்று.

இவை நோயாளியின் நலன் கருதிச் செய்யப்பட்டவை. ஏவுபவரின் நோக்கம் வேறானால் என்னாகும்?

நன்னூல் கூறும் அறுவகை வினாக்களுள் ஒன்று ஏவல் வினா. 'வீட்டுப்பாடம் முடித்தாயா?' என்று ஆசிரியர் கேட்பது விடையறிய அன்று, முடிக்கச் செய்வதற்கே. சான் பிரான்சிஸ்கோவின் 'பிராக்டிஸ் ஃபியூஷன்' நிறுவனத்தின் மருத்துவப் பதிவு மென்பொருளில் இடம்பெற்ற ஓர் அறிவிப்பு இவ்வகையினது. நோயாளியின் வலியைப் பற்றி விசாரிக்கவும் அதற்குச் சிகிச்சை வகுக்கவும் அது மருத்துவரைத் தூண்டியது. ஓபியாய்டு மருந்து நிறுவனமொன்றிடம் ஏறத்தாழ 1 மில்லியன் டாலர் பெற்றுக்கொண்டே அவ்வறிவிப்பு அமைக்கப்பட்டது. 2020 ஜனவரியில் குற்றத்தை ஒப்புக்கொண்ட அந்நிறுவனம் 145 மில்லியன் டாலர் செலுத்த இசைந்தது.

நேரில் கேட்கப்படும் ஏவல் வினாவில் ஏவுபவரின் முகம் தெரியும், மறுக்கவும் இயலும். அத்திரையில் தோன்றியதோ நடுநிலையான மருத்துவத் தகவலின் உருவம். 2016 முதல் 2019 இளவேனில் வரை 230 மில்லியன் முறைக்கு மேல் அது மருத்துவர்களின் கண்முன் எழுந்தது.