பதினாறு வயதில் கேட்ட பிளேட்டு, ஐம்பத்தைந்திலும் ஏன் இனிக்கிறது?

உங்களை ஒன்று கேட்கட்டுமா? ஒரு நிமிஷம் கண்ணை மூடி, உங்களுக்கு ரொம்பப் பிடித்த ஐந்து பாட்டை நினைத்துப் பாருங்கள். நினைத்தாயிற்றா? அவற்றில் மூன்று நான்காவது, உங்களுடைய 12 வயதுக்கும் 25 வயதுக்கும் நடுவில் கேட்டதாகத்தான் இருக்கும்.

"அட, எப்படி டாக்டர் கண்டுபிடிச்சீங்க?" என்று என்னிடம் வருபவர்கள் ஆச்சரியப்படுவார்கள். இதில் ஜோசியம் ஒன்றும் இல்லை. அந்த வயதில் காது வழியாக உள்ளே போனது லேசில் வெளியே வராது. எனக்கும் அப்படி மூன்று பிளேட்டுகள் உண்டு. அவற்றைச் சொல்லிவிட்டு, உங்கள் காது விஷயத்துக்கு வருகிறேன்.

மைக்செட் கடைப் புதையல்

ஆரணியில் பட்டு நெசவுக்காரர் வீட்டில் பிறந்தவன் நான். குழித்தறியில் அப்பா நெய்வார். பக்கத்தில் ராட்டையில் அம்மா தார் சுற்றுவார். ஜன்னல் மேடையில் ரேடியோ காலையிலிருந்து ராத்திரி வரை பாடிக்கொண்டே இருக்கும். விவித் பாரதி, விட்டால் இலங்கை வானொலி. எல்லாம் சினிமாப் பாட்டுதான். பாட்டு என்றாலே சினிமாதான் என்று நானும் நினைத்திருந்தேன்.

எங்கள் தெருமுனையில் ஒரு மைக்செட் கடை. கல்யாணமோ, காதுகுத்தோ, ஆடி மாசத்தில் அம்மனுக்குக் கூழ் வார்ப்பதோ, எதுவானாலும் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிப் பாட்டுப் போடுவது அந்தக் கடை அண்ணன்தான். 1986-இல் எனக்கு வயது 16. பிளேட்டுகளைத் துடைத்து உறையில் போட்டு வைக்கும் வேலைக்கு, பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே ஓடுவேன். காசுக்காக இல்லை. கடை சாத்திய பிறகு சின்னப் பெட்டி ஸ்பீக்கரில் எனக்குப் பிடித்ததைப் போட்டுக்கொள்ளலாம், அதற்காக!

அங்கே ஒரு தகரப் பெட்டி இருந்தது. யாரும் கேட்காத பிளேட்டுகள் அதில் கிடக்கும். சென்னை மூர் மார்க்கெட்டில் அண்ணன் மொத்தமாக வாங்கி வந்த பழசும் அதற்குள்தான். (அந்த மூர் மார்க்கெட் 1985-இல் தீக்கிரையானது.) ஒருநாள் பெட்டியைத் துழாவினேன். மூன்று பிளேட்டுகள் கைக்கு வந்தன.

முதலாவது, காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம். கல்யாண வீடுகளில் விடியற்காலை போடுவது வழக்கம் என்றாலும், அடுப்புப் புகைக்கும் சமையல்காரர் சத்தத்துக்கும் நடுவில் யார் அதைக் காது கொடுத்துக் கேட்டார்கள்?

இரண்டாவது, 'சக்தி' என்ற குழுவின் எல்.பி. இங்கிலாந்துக்காரரான ஜான் மெக்லாலின் கிதார், நம்ம எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம். 1970-களின் நடுவில் சேர்ந்து வாசித்தவர்கள். பானையில் இப்படியெல்லாம் பேச முடியுமா என்று வாயைப் பிளந்தேன்.

மூன்றாவது, அந்த வருஷம்தான் வந்த இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்'. சினிமா பிளேட்டு என்று நினைத்து அண்ணன் ஏமாந்து வாங்கிவிட்டார். ஒரு நிச்சயதார்த்தத்தில் போட்டபோது, "என்னய்யா, பாட்டே வரலை?" என்று கேட்டுவிட்டார்களாம். பெட்டிக்குள் போய்விட்டது. தியாகராஜருக்கும், ஜெர்மனியின் பாக்குக்கும் காணிக்கையாகச் செய்த இசை அது. முன்னால் நின்று வாசிப்பது வி.எஸ். நரசிம்மனின் வயலின். வார்த்தை கிடையாது, கதாநாயகன் கிடையாது. ஆனாலும் என்னமோ ஒன்று சொல்லிக்கொண்டே போகிறது!

எல்.பி.யின் ஒரு பக்கம் சுமார் 20 நிமிஷம் ஓடும். இந்தக் காலத்து போன் மாதிரி பாதியில் தள்ளிவிட முடியாது. உட்கார்ந்துதான் கேட்க வேண்டும். முதல் தடவை ஒன்றும் புரியவில்லை. நாலாவது தடவை பிடித்தது. பத்தாவது தடவைக்குப் பிறகு அது இல்லாமல் ராத்திரி தூக்கம் வரவில்லை. சினிமாவுக்கு வெளியேயும் பாட்டு இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது அந்தத் தகரப் பெட்டியால்தான்.

மூளையில் என்ன நடக்கிறது?

என் அனுபவத்துக்கு மனோதத்துவக்காரர்கள் விளக்கம் வைத்திருக்கிறார்கள். திரும்பத் திரும்ப எதிர்ப்படும் எதையும் மனசு மெல்ல மெல்ல விரும்ப ஆரம்பிக்கும் என்று ராபர்ட் சையன்ஸ் என்ற அறிஞர் 1968-இல் எடுத்துக்காட்டினார். நாலாவது தடவை பிடித்ததன் ரகசியம் இதுதான்.

அடுத்தது வயது. நடுவயதைத் தாண்டியவர்களிடம் "பழசைச் சொல்லுங்கள்" என்றால், 10-லிருந்து 30 வயதுக்குள் நடந்ததையே அதிகமாகச் சொல்கிறார்கள். நான் யார், என் ரசனை என்ன என்பது உருவாகிற காலம் அது. அப்போது கேட்ட இசை, கூட இருந்த ஆட்கள், அந்தக் கடையின் மண்ணெண்ணெய் வாசனை என எல்லாம் ஒரே முடிச்சாக விழுந்துவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. மிகவும் பிடித்த இசை உச்சத்துக்குப் போய் உடம்பு சிலிர்க்கும்போது, மூளையில் டோபமின் என்ற ரசாயனம் சுரக்கிறது என்று கனடாவின் மாண்ட்ரியல் நகர ஆராய்ச்சியாளர்கள் 2011-இல் காட்டினார்கள். நல்ல சாப்பாடு தரும் சந்தோஷத்துக்கும் இதே ரசாயனம்தான்! மறதி நோய் வந்து பிள்ளைகளின் பெயரையே மறந்த சிலர்கூட, இளமையில் கேட்ட பாட்டைப் போட்டால் கூடவே முணுமுணுப்பது இந்த ஆழமான பதிவினால்தான்.

நாடியிலும் ஒரு தாளம்

பிளஸ் டூ முடித்து, பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். கிளம்பும்போது அந்த மூன்று பிளேட்டுகளையும் அண்ணன் என் கையில் கொடுத்துவிட்டார். "இனி கேசட்டு காலம் தம்பி, நீயே வெச்சுக்கோ" என்றார். காருகுறிச்சி இருக்கும் அதே திருநெல்வேலிச் சீமைக்குப் போகிறோம் என்று எனக்கு ஒரே பூரிப்பு.

அங்கே நாடி பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஆள்காட்டி விரலில் வளி, நடுவிரலில் அழல், மோதிர விரலில் ஐயம். வளி ஒரு மாத்திரை, அழல் அரை, ஐயம் கால். அன்னம், மயில் போல ஒரு நடை. ஆமை, அட்டை போல ஒரு நடை. பாம்பு, தவளை போல ஒரு நடை. கூடப் படித்தவர்கள் திணறினார்கள். எனக்கோ விக்கு விநாயக்ராமின் கடம்தான் ஞாபகத்துக்கு வந்தது. தமிழ் இலக்கணத்தில் எழுத்தின் ஒலியை அளப்பதும் மாத்திரைதானே! பொறுமையாகக் கேட்கப் பழகிய காது, விரலுக்கும் பொறுமையைச் சொல்லிக்கொடுத்தது. இதை நான் மருத்துவ ஆதாரமாகச் சொல்லவில்லை. என் அனுபவம், அவ்வளவுதான்.

அண்ணன் வந்த நாள்

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு சாயங்காலம், அந்த மைக்செட் அண்ணன் என் வைத்தியசாலைக்கு வந்தார். எழுபதைத் தாண்டிவிட்டார். கூட அவருடைய மருமகள்.

"என்ன தம்பி, இப்பல்லாம் எல்லாரும் வாய்க்குள்ளயே பேசறாங்க?" என்றார். மருமகள் என்னிடம் தனியாக, "டி.வி. சத்தம் தெரு வரைக்கும் கேக்குது டாக்டர். நாலு பேர் கூடற இடத்துக்கு வரவே மாட்டேங்கறாரு" என்றார்.

"காதுக்குள்ள ராவும் பகலும் வண்டு கத்துது. எதுனா எண்ணெய் காய்ச்சி ஊத்து தம்பி, சரியாப் போயிடும்" என்றார் அண்ணன்.

வாசகர்களே, ஊற்றியிருக்கலாம். மூன்று மாசத்துக்கு எண்ணெயும் லேகியமும் கொடுத்திருந்தால் அவரும் நம்பியிருப்பார். ஆனால் நாற்பது வருஷம் குழாய் ஸ்பீக்கருக்குக் கீழே நின்ற மனுஷன் அவர். சந்தேகமாக இருந்தது. வேலூருக்கு அனுப்பி, காது கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் எடுக்கச் சொன்னேன். நினைத்தபடியேதான் வந்தது. இரண்டு காதிலும், உச்ச ஸ்தாயி ஒலிகளை வாங்கும் பகுதி பழுது. "இதை எந்த மருந்தும் திருப்பித் தராது அண்ணே, என்னுடையதும் சேர்த்து" என்று சொல்ல வேண்டியதாயிற்று.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஊருக்கெல்லாம் பாட்டுப் போட்டேன். எனக்கு மட்டும் இல்லையா?" என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது.

அன்றைக்கே என் காதையும் சோதிக்க முடிவு செய்தேன். வலது காதில் லேசான இறக்கம். குழாய் ஸ்பீக்கர் கட்டும்போது நானும் பக்கத்தில் நின்றவன்தானே!

காதுக்குள் நடப்பது என்ன?

செவி ஆகாயத்தின் பொறி என்கிறது சித்த மருத்துவம். நவீன மருத்துவம் அதன் உள்ளே போய்ப் பார்க்கிறது. உட்காதில் நத்தைக் கூடு மாதிரி ஒரு சுருள். அதற்குள் சுமார் 15,000 நுண்மயிர்ச் செல்கள். ஒலி வரும்போது இவை, காற்றில் நாற்று அசைவதுபோல அசைந்து மூளைக்குச் சேதி அனுப்புகின்றன. பெருஞ்சத்தம் என்பது புயல். சாய்ந்த நாற்று ஓரளவு நிமிரும். ஒடிந்தது ஒடிந்ததுதான். தோல் மாதிரி, நகம் மாதிரி இந்தச் செல்கள் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை.

கணக்கு இதுதான். 85 டெசிபெல் சத்தத்தை ஒரு நாளைக்கு 8 மணி நேரம் தாங்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி. 91 என்றால் 2 மணி. 100 என்றால் 15 நிமிஷம்தான்! கைத்தறிச் சத்தத்தை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்பவர்கள் காது அடைப்பான் இல்லாமல் நிற்கவே கூடாது.

முதலில் போவது உச்ச ஸ்தாயி. அதனால்தான் ச, த, க, ப போன்ற மெய்யொலிகள் குழம்புகின்றன. "சத்தம் கேக்குது, பேச்சு புரியலை" என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். மெல்ல மெல்ல மனுஷர் ஒதுங்கிவிடுகிறார். மறதி நோய்க்கு வழிவகுக்கும், நாம் தடுக்கக்கூடிய 14 காரணங்களை 'லான்செட்' மருத்துவ இதழின் குழு 2024-இல் பட்டியலிட்டது. கேள்விக் குறைவும் அதில் ஒன்று.

நீங்கள் செய்ய வேண்டியது

* இயர்போனில் கேட்கிற பிள்ளைகளுக்கு, சத்தம் முழு அளவில் 60 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். மணிக்கு ஒருதரம் காதுக்கு ஓய்வு கொடுக்கட்டும். பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம் 80 டெசிபெல், குழந்தைகளுக்கு 75 டெசிபெல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு.

* கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கருக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறதே என்று உட்காராதீர்கள். கைக்குழந்தையோடு கட்டாயம் கூடாது.

* இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

* காது பார்க்காமல், நல்லெண்ணெயோ பூண்டு காய்ச்சிய எண்ணெயோ ஊற்றாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் ஆபத்து. சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்.

* திடீரென்று ஒரே நாளில் ஒரு காது கேட்காமல் போனால், அது அவசரம். கை வைத்தியம் வேண்டாம். அன்றைக்கே காது, மூக்கு, தொண்டை நிபுணரிடம் போங்கள். நாள் தள்ளினால் திரும்பக் கிடைப்பது கடினம்.

* கேட்பு மிஷின் மாட்டச் சொன்னால் வெட்கப்படாதீர்கள். கண்ணாடி மாட்டுகிறோமே! பழக ஓரிரு மாசம் ஆகும். இசை கேட்பதற்கென்று தனி அமைப்பு சில மிஷின்களில் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

அண்ணனும் மிஷின் வாங்கினார். முதலில் கழற்றிக் கழற்றி வைத்தார். மருமகள் விடவில்லை. இரண்டு மாசம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் பழைய பிளேயர் ஒன்றை வாங்கி, அந்த இளையராஜா பிளேட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். சத்தத்தைக் குறைத்து வைத்தேன்.

கண்ணை மூடிக் கேட்டார். "வயலின் மேல போறப்ப காணாமப் போயிடுது தம்பி. கீழ எறங்கறப்ப வந்துடுது" என்றார். கொஞ்சம் கழித்து, "சினிமாப் பாட்டுன்னா வார்த்தை புரியாம ஆத்திரம் வருது. இதுல வார்த்தையே இல்லை, நிம்மதியா இருக்கு. அன்னிக்கு இதைப் போயி வேணாம்னுட்டேன் பாரு!" என்று சிரித்தார். பிளேட்டு முடிந்ததும் மறுபக்கம் திருப்பிப் போட்டது அவர்தான். பழைய பழக்கம், விளிம்பைத் தவிர வேறெங்கும் விரல் படவில்லை.

உங்கள் வீட்டிலும் பதினாறு வயதில் ஒன்று இருக்கும், இயர்போனோடு. திட்டாதீர்கள். என்ன கேட்கிறாய் என்று பக்கத்தில் உட்கார்ந்து விசாரியுங்கள். அப்படியே சத்தத்தையும் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். இன்னும் ஐம்பது வருஷம் அந்தப் பாட்டு அதற்குக் கேட்க வேண்டுமே!