கல்லில் தொடங்கி ஏட்டில் முடியும் தேடல்

கொல்கத்தா பார்க் தெருவில், 1767-ல் திறக்கப்பட்ட பழைய கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல் இருக்கிறது. ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸின் மகன் வால்டரின் கல்லறைக் கல் அது. ராணுவ லெப்டினன்டாக இருந்த வால்டர், 1863 டிசம்பர் 31-ல், 22-வது வயதில் அந்நகரில் காலமானார்.

ஆனால் அவரது உடல் அங்கே இல்லை! அடக்கம் நடந்தது பவானிபூர் ராணுவக் கல்லறையில். கல் மட்டும் 1987-ல் பார்க் தெருவுக்குக் கொண்டுவரப்பட்டது. தேவாலயச் சுவர்களில் பதித்த நினைவுப் பலகைகளும் இப்படித்தான். எங்கோ போர்க்களத்தில் மாண்டவருக்கும் பலகை வைப்பதுண்டு.

எனவே முன்னோரைத் தேடுவோர் கல்லோடு நின்றுவிடக் கூடாது. பெயர், தேதி, வயது, கல்லை நாட்டியவர் யார் என்பதை எழுத்துக்கு எழுத்து குறித்துக்கொள்ள வேண்டும். தேய்ந்த எழுத்துகள் காலை, மாலைச் சாய்வெயிலில் தெளிவாகும். சுரண்டுவதும் அமிலம் ஊற்றுவதும் கூடாது. தேதி தெரிந்தால், கோயிலின் அடக்கப் பதிவேட்டில் தேடுவது எளிது. வங்காளம், சென்னை, பம்பாய் மாகாணங்களின் பழைய பதிவேடுகள் பலவற்றின் பிரதிகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன.

பிழைக்க வந்த ஊரில் கண்மூடிய தமிழர் பலருக்குக் கல் நாட்ட வசதி இருந்ததில்லை. மரச்சிலுவை மழையில் உளுத்துப் போயிருக்கும். ஆயினும் பாதிரியார் எழுதிய ஒரு வரி ஏட்டில் இருக்கக்கூடும். இறந்த ஆண்டையும் கோயிலின் பெயரையும் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேட்டு எழுதி வைப்பது நல்லது.