எவ்வளவு சாய்ந்தது?

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் சாய்ந்துவிட்டன என்றார்கள். வேரோடு தரையில் கிடந்த மரத்துக்கும் அந்தச் சொல்தான். திண்ணைத் தூணில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருப்பவருக்கும் அதே சொல்தான். தானாக நடந்தால் மரம் சாய்ந்தது, காற்றுமீது பழி போட்டால் காற்று சாய்த்தது. பொழுது சாயும், கெஞ்சினால் அதிகாரிகூடச் செவி சாய்ப்பார். எத்தனை பாகை என்று மட்டும் இந்த வினை சொல்லாது.

கூரை போடுகிறவருக்கு அது போதாது. மொட்டைமாடியில் கொத்தனார் கேட்பது ‘வாட்டம்’. நூறு அடிக்கு ஓரடி இறக்கினாலே தண்ணீர் ஓடிவிடும். இவ்வளவு சிறிய சரிவு கண்ணுக்குப் பிடிபடாது. அதனால்தான் நீர் நிரப்பிய ட்யூபை இரு முனைகளிலும் தூக்கிப் பிடிக்கிறார்கள். இரண்டு பக்கமும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும், அங்கிருந்து கீழே அளந்தால் வாட்டம் தெரிந்துவிடும்.

கீற்றுக் கூரையின் கணக்கு வேறு. கீற்று நீரைத் தடுப்பதில்லை, கைமாற்றுகிறது: மேல் கீற்றிலிருந்து கீழ்க் கீற்றுக்கு, ஊறி இறங்குவதற்குள். அந்த வேகத்துக்கு ஏறத்தாழ 45 பாகை வேண்டும். அப்போது புவியீர்ப்பில் நூற்றுக்கு எழுபது பங்கு நீரைச் சரிவோடு இழுக்கிறது. மொட்டைமாடியில் ஒரு பங்குதான். சரிவு குறைந்த குடிசை ஐப்பசி மழையில் ஒழுகும். ஈரம் நின்று கீற்றும் சீக்கிரம் மக்கும்.

சிதம்பரம் சிற்சபையின் கூரையும் குடிசைக் கூரையின் வடிவந்தான். மேலே பொன் ஓடுகள், 21,600 என்பது மரபு. நிமிடத்துக்கு 15 மூச்சு என்றால் ஒரு நாளுக்கு அவ்வளவு வரும். எனக்கு அந்தக் கணக்கைவிட ஒரு வினைச்சொல்தான் பிடித்திருக்கிறது. முதலாம் பராந்தகச் சோழனைத் தில்லையம்பலத்துக்குப் பொன் ‘வேய்ந்தவன்’ என்கிறோம். கீற்றுக்கும் பொன்னுக்கும் ஒரே சொல்! பொன் நீரைக் குடிக்காது. ஆனால் ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே இடுக்கு உண்டே, ஆகவே அங்கும் சரிவு தேவை.

மழைக்கு நல்ல செங்குத்துச் சரிவு, புயல் காற்றை நேராக மார்பில் வாங்கும். தட்டையாக்கினால் காற்று மேலே உறிஞ்சித் தூக்கும். இரண்டுக்கும் நடுவே கரையோரக் குடிசை கண்ட வழி, நாலு பக்கமும் சரிவை வைத்து இறவாரத்தை இடுப்பு உயரத்துக்கு இறக்கிவிடுவது. உள்ளே போகிறவர் குனிய வேண்டும். குனிவது வேறு, சாய்வது வேறு.