மருந்தால் கருக்கலைத்தபின் குருதிப்போக்கு

மருந்தால் கருக்கலைப்பதற்கு இரு மருந்துகள் வழங்கப்பெறுகின்றன. முதலாவது மிஃபெப்ரிஸ்டோன், பிரான்சு நாடு 1988-இல் இதற்கு இசைவளித்தது. கருவைத் தாங்கும் புரோஜெஸ்டிரோன் என்னும் சுரப்பின் செயலை இது தடுக்கிறது. ஓரிரு நாள் கழித்துக் கொள்ளும் மிசோப்ரோஸ்டால் கருப்பையைச் சுருங்கச் செய்து, உள்ளிருப்பதை வெளியேற்றுகிறது. ஆதலின், அதன்பின் தோன்றும் வயிற்றுவலியும் குருதிப்போக்கும் மருந்து வேலை செய்வதன் அடையாளங்களே.

முதற் சில மணி நேரம் குருதி மாதவிலக்கினும் மிகுந்து, கட்டிகளோடு வெளிப்படும். பின்னர்ப் படிப்படியாகக் குறைந்து, பெரும்பாலோர்க்கு இரண்டு வார அளவில் ஓயும். சிலர்க்குச் சிறு கசிவு ஒரு மாதம் வரை நீடிக்கலாம்.

அஞ்சத்தக்கது எது? மணிக்கு இரண்டு பெரிய நாப்கின்கள் வீதம், தொடர்ந்து இரண்டு மணி நேரம் முற்றும் நனைதல்; மயக்கம்; இரண்டாம் மருந்து கொண்டு ஒரு நாள் கடந்தும் 38 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட காய்ச்சல்; துர்நாற்றமுள்ள கசிவு. இவற்றுள் ஒன்று காணினும் உடனே மருத்துவமனை செல்லுதல் வேண்டும். இரண்டாம் மருந்துக்குப்பின் ஒரு நாள் கழிந்தும் குருதியே காணாவிடினும் மருத்துவரை நாடுதல் வேண்டும். கரு கலையாதிருக்கலாம், அன்றிக் கருப்பைக்கு வெளியே தங்கியிருக்கலாம்.

எட்டாம் நாளிலேயே மீண்டும் கருமுட்டை முதிரக்கூடும் என்பதும் நினைவிற்குரியது.

நாணத்தால் இவற்றை மறைப்பது உயிர்க்கு ஊறாகும். அளவும் நேரமும் குறித்து வைத்து மருத்துவரிடம் உரைப்பதே அறிவுடைமை.