உருளையில் விட்டுவைக்கும் ஐந்து சுற்று

வின்ச் என்றதும் நமக்குப் பழனி மலைதான் நினைவுக்கு வரும். விசைப்படகுக்காரர்களுக்கு அது வலை இழுக்கும் எந்திரம். கனடாவிலும் அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களிலும் காட்டோரம் வாழ்கிறவர்களிடம் அதே சொல்லைச் சொன்னால், நான்கு சக்கர ஏ.டி.வி.யின் மூக்குக்குக் கீழே முக்கால் முழ நீளத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு எந்திரத்தைக் காட்டுவார்கள்.

ஏ.டி.வி. என்பது சைக்கிளைப்போல ஹேண்டில்பார் பிடித்து, குதிரையில் உட்காருவதுபோலக் கால் விரித்து உட்கார்ந்து ஓட்டும் வண்டி. 1970இல் ஹோண்டா அதை மூன்று சக்கரத்தோடு அமெரிக்காவில் விற்கத் தொடங்கியது. 1982இல் சுஸுகி நான்கு சக்கர வண்டியைக் கொண்டுவந்தது. காற்று குறைவாக அடைத்த பருத்த டயர்கள் சேற்றிலும் பனியிலும் மிதந்து போகும். ஆனால் ஓரளவுக்குத்தான். சதுப்பில் புதைந்துவிட்டால், கட்டைவிரலால் த்ராட்டிலை அழுத்த அழுத்தச் சக்கரம் தனக்குத்தானே குழி தோண்டிக்கொள்ளும். கூப்பிட்டால் குரல் கேட்கும் தூரத்தில் ஆள் இருக்கமாட்டார். அப்போது எதிரே நிற்கும் மரம்தான் துணை. வின்ச்சின் கயிற்றை இழுத்துக்கொண்டு போய் அதில் கட்டிவிட்டால், வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொண்டு வெளியே வரும்.

எந்திரத்தின் உள்ளே பெரிய மர்மம் ஒன்றுமில்லை. 12 வோல்ட் மோட்டார், அதன் வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையாக மாற்றும் கியர் அடுக்கு, கயிறு சுற்றும் உருளை. மோட்டார் நூறு சுற்றுக்குமேல் சுற்றினால்தான் உருளை ஒரு சுற்றுச் சுற்றும். அதனால்தான் கை அகலமுள்ள மோட்டாரால் ஒரு டன்னுக்குமேல் இழுக்க முடிகிறது. முழுச் சுமையில் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு மீட்டர்தான் நகரும், அது போதும்.

எவ்வளவு பலமுள்ளதை வாங்குவது? வண்டி, ஆள், மூட்டைமுடிச்சு எல்லாம் சேர்ந்து 500 கிலோ என்று வைத்தால், குறைந்தது அதில் ஒன்றரை மடங்கு இழுக்க வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. சேறு வண்டியை உறிஞ்சிப் பிடிக்கும் என்பதால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே வைத்துக்கொள்கிறார்கள். 2,500 பவுண்டு, அதாவது 1,134 கிலோ இழுக்கும் வின்ச் நடுத்தர வண்டிக்குத் தாராளம்.

பெட்டியில் அச்சிட்ட அந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது. உருளையில் ஒரே அடுக்குக் கயிறு இருக்கும்போதுதான் அந்தப் பலம் கிடைக்கும். கயிறு அடுக்கடுக்காக ஏறும்போது உருளை பருத்துப்போகிறது. முறுக்குவிசை மாறாமல் ஆரம் கூடினால் இழுவிசை குறைந்துதான் ஆக வேண்டும். ஆகவே பக்கத்து மரத்தை விட்டுத் தூரத்து மரத்தில் கட்டுவது நல்லது. கயிறு நிறைய வெளியே போனால் பலம் கூடும்.

அப்படியானால் கயிறு முழுவதையும் உருவிவிடலாமா? கூடவே கூடாது. கயிற்றின் நுனியை உருளையோடு பிடித்திருப்பது சின்ன ஒரு திருகுதான். டன் கணக்கான இழுப்பை அது தாங்காது. தாங்குவது சுற்றுகளின் உராய்வு. முரண்டு பிடிக்கும் காளையைக் கையால் நிறுத்த முடியாது; பிடிகயிற்றை மரத்தில் இரண்டு மூன்று சுற்று சுற்றிவிட்டால் சிறுவன்கூட நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். இதற்குக் கணக்கு எழுதியவர் 18ஆம் நூற்றாண்டின் ஆய்லர். சுற்றுக்குச் சுற்று பிடிமானம் கூட்டலாக ஏறாது, பெருக்கலாக ஏறும். எஃகு வடத்துக்கு உராய்வுக் கெழு 0.15 என்று கொண்டால் ஒரு சுற்று இரண்டரை மடங்கு தாங்கும். ஐந்து சுற்று நூறு மடங்குக்குமேல். அங்கே ஆயிரம் கிலோ இழுத்தால் இங்கே திருகுக்கு வருவது பத்துக் கிலோதான். எஃகு வடத்தில் ஐந்து சுற்றாவது உருளையில் மிச்சம் இருக்க வேண்டும் என்பது இதனால்தான். செயற்கை இழைக் கயிறு வழவழப்பானது. கெழு 0.1 ஆகக் குறைந்தாலே அதே ஐந்து சுற்று இருபத்து மூன்று மடங்குதான் தாங்கும். அதற்கு எட்டு, பத்துச் சுற்று விடுகிறார்கள். கையேட்டில் ஒரே வரியில் வரும் இந்த விதிக்குப் பின்னால் இவ்வளவு அழகான கணக்கு இருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான்.

பொருத்தும் வேலை ஒரு மதியப்பொழுதில் முடிந்துவிடும். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட வேண்டும். முன்பக்கப் பிளாஸ்டிக்கை அகற்றினால் ஃப்ரேம் தெரியும். அந்த வண்டிக்கென்றே வெட்டிய எஃகுத் தட்டை அதில் போல்ட் போட்டு இறுக்கி, அதன்மேல் வின்ச்சை உட்கார வைக்க வேண்டும். கையில் கிடைத்த குட்டை போல்ட்டைப் போட்டு ஒப்பேற்றுவதைப்போல ஆபத்தான காரியம் வேறில்லை; முழு இழுப்பும் அந்தச் சில மரைகளில்தான் நிற்கிறது.

அதிக நேரம் எடுப்பது ஒயரிங். மோட்டாரின் இரண்டு தடித்த ஒயர்களும் பேட்டரிக்கு நேரே போகாது. நடுவே காண்டாக்டர் என்ற பெட்டி வரும். ஹேண்டில்பாரில் இருக்கும் சின்ன சுவிட்ச் அதற்கு உத்தரவு மட்டும் கொடுக்கும். பெரிய மின்னோட்டத்தைக் காண்டாக்டர்தான் திசைமாற்றி அனுப்பும். சுமை ஏறினால் மோட்டார் 150 ஆம்பியரையும் தாண்டிக் குடிக்கும். மின்னோட்டம் இரட்டித்தால் ஒயரின் சூடு நான்கு மடங்காகும் என்பதால் மெல்லிய ஒயரை இங்கே நினைத்தே பார்க்கக் கூடாது. 150 ஆம்பியரில் இரண்டு நிமிடம் இழுத்தால் 5 ஆம்பியர்-மணி போய்விடும். வண்டியின் பேட்டரியோ 18 ஆம்பியர்-மணி அளவுதான். போனதை எஞ்சின் திருப்பி நிரப்பக் கால் மணி நேரமாவது பிடிக்கும். எஞ்சினை ஓடவிட்டு, கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி இழுப்பதே முறை. மோட்டார் ஆறவும் அதுதான் வழி.

சுவிட்சுக்கு வரும் மெல்லிய ஒயரை, சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் இணைப்பில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் நிறுத்திவைத்த வண்டியில் குழந்தை கை வைத்தாலும் உருளை சுற்றும். ஒயர்களைக் கட்டுவதற்கு முன்னால் ஹேண்டில்பாரை இரு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார்த்துவிட வேண்டும். எங்காவது இழுபட்டால் சில மாதத்தில் அங்கேதான் அறும். சைலன்சர் பக்கமும் ஒயர் போகக் கூடாது.

எஃகா, இழையா என்பது பழைய விவாதம். எஃகு பாறையில் உரசினாலும் தாக்குப்பிடிக்கும். ஆனால் அறுந்தால் சாட்டையாகத் திரும்பி வரும். அதனால் இழுக்கும்போது வடத்தின்மேல் தடித்த போர்வையோ கோட்டோ போடுவார்கள். இழைக் கயிறு இலேசானது, அறுந்தாலும் அவ்வளவு சீறாது. சூடும் கூர்முனையும் அதற்கு எமன். கயிறு வெளியே வரும் வாயில் இருக்கும் ரோலரில் எஃகு வடம் ஓடிப் பிசிறு எழுந்திருந்தால், அதில் இழையை ஓடவிட்டால் நார்நாராகக் கிழிந்துவிடும். காட்டுக்குப் போகிறவருக்கு நான் இழையைத்தான் சொல்வேன்.

எல்லாம் முடிந்தபின் ஒரு வேலை மீதியிருக்கும். புதுக் கயிறு தளர்வாகவே சுற்றப்பட்டிருக்கும். அப்படியே பலமாக இழுத்தால் மேலடுக்கு கீழடுக்குக்குள் புதைந்து சிக்கிக்கொள்ளும். இலேசான சரிவில் வண்டியை நிறுத்தி, முன்பு சொன்ன சுற்றுகளை மட்டும் உருளையில் விட்டுவிட்டு மீதிக் கயிற்றை வெளியே எடுத்து, கொக்கியை மேட்டிலுள்ள மரத்தில் அகலப் பட்டை போட்டு மாட்டி, பிரேக்கை மெதுவாக அழுத்தியபடியே வண்டியை மேலே இழுக்க வேண்டும். முறுக்கேறிய கயிறு சுற்றுக்குப் பக்கத்தில் சுற்றாக ஒட்டி உட்காருவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கடைசி ஒரு மீட்டர் மிச்சம் இருக்கும்போது சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கொக்கியை மரத்திலிருந்து கழற்றி, அதில் கோத்த சிறு பட்டையைப் பிடித்துக்கொண்டு, சுவிட்சைத் தட்டித் தட்டி, ரோலருக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்த வேண்டும்.